வெட்டிய ஒயரின் விலை

மென்கூரையும் இரண்டே இருக்கைகளும் கொண்ட என் ரோட்ஸ்டர் காரை விற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கிடைத்த விலையைப் பற்றி எனக்கு இப்போது குறையேதும் இல்லை. ஆனால் அதை விற்பதற்கு முன், பார்க்க வந்த ஒருவர் டாஷ்போர்டுக்குள் டார்ச் அடித்துக் காட்டிய ஒரு கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றல் மட்டும் மனத்தை விட்டு அகலவில்லை. அது ஓர் அங்குல நீளம்கூட இராது. இலகுரக ஸ்போர்ட்ஸ் கார்களில் நாம் செய்யும் மாற்றங்கள் மறுவிற்பனை மதிப்பை எப்படிப் பாதிக்கின்றன என்று அதற்கு முன்பு யார் கேட்டிருந்தாலும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது: நல்ல பாகம் போட்டால் நல்ல விலை வரும், மட்டமான பாகம் போட்டால் விலை இறங்கும். அது முழுக்கத் தவறான பதில் என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பதில் பாகங்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அவற்றைப் பொருத்துவதற்காகக் காரில் எதை வெட்டினோம், எங்கே துளையிட்டோம், கழற்றியதை எங்கே போட்டோம் என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. என் வண்டியைப் பார்க்க வந்தவருக்கு அவை மட்டுமே முக்கியமாக இருந்தன.

என்னுடையது முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் எஞ்சின் கொண்டது. ஒன்பது ஆண்டுகள் வைத்திருந்தேன். முதல் ஆறு ஆண்டுகளில் எதையாவது மாற்றாமல் மூன்று மாதம் சேர்ந்தாற்போலக் கழிந்ததாக நினைவில்லை. உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய காயில்ஓவர் சஸ்பென்ஷன், 15 அங்குல அலாய் வீல்கள், எஞ்சினிலிருந்து பின்பக்கம் வரை புதிய எக்ஸாஸ்ட், கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு ரோல் பார், உடலை இறுகப் பிடித்துக்கொள்ளும் இரண்டு பக்கெட் சீட்கள், அளவில் சிறிய ஸ்டீயரிங் வீல், காற்று எரிபொருள் விகிதத்தைக் காட்டும் ஒரு மீட்டர், பாட்டுக்காக ஓர் ஆம்ப்ளிஃபயர் என்று வரிசையாகச் சேர்ந்துகொண்டே போயின. ஒவ்வொன்றின் ரசீதையும் ஒரு கோப்பில் பத்திரப்படுத்தியிருந்தேன். விற்க முடிவெடுத்த அன்று அந்த ரசீதுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தேன்; காரை நான் வாங்கிய விலையையே அந்தத் தொகை தாண்டிவிட்டது. அதில் பாதியையாவது கார் விலையோடு சேர்த்துக் கேட்பது நியாயம் என்று எனக்குத் தோன்றியது.

விற்பவர் எல்லோரும் போடும் கணக்கு இது. நாம் செலவழித்ததைக் கூட்டிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், வாங்க வருபவர் தாம் இனிமேல் செலவழிக்க வேண்டியதைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டு பட்டியல்களிலும் இடம்பெறும் பொருள்கள் பெரும்பாலும் ஒன்றே. என் பட்டியலில் காயில்ஓவர் வரவுப் பக்கம் இருந்தது. அவருடைய பட்டியலில் அதே காயில்ஓவர், எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது, கசிகிறதா, எப்போது மாற்ற வேண்டும் என்ற கேள்விகளோடு செலவுப் பக்கம் இருந்தது. இதை நான் அப்போது யோசிக்கவில்லை. விளம்பரம் கொடுத்த முதல் வாரத்தில் தொலைபேசியில் அழைத்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: "வண்டி ஸ்டாக்கா?" அதாவது, எதையும் மாற்றாமல் கம்பெனி தந்தபடியே இருக்கிறதா என்று. இல்லை என்றதும் நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். நேரில் வந்த ஓர் இளைஞர் எக்ஸாஸ்ட் சத்தத்தைக் கேட்டு முகம் மலர்ந்தார். ஆனால் இத்தனை மாற்றங்களையும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் தெரிவித்தால் பிரீமியம் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் பார்த்துவிட்டு, வருத்தத்தோடு விடைபெற்றார்.

அவர் பார்த்த விதம்

மூன்றாவதாக வந்தவர் அறுபதை நெருங்கியவர். இந்த வண்டிகளோடு நெடுங்காலம் பழகியவர் என்பது அவர் காரைச் சுற்றி வந்த விதத்திலேயே தெரிந்தது. பெயிண்டைப் பார்க்கவில்லை, வீல்களைப் பார்க்கவில்லை. நேராகப் பின்சக்கரத்துக்கு முன்னால் குனிந்து, கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5களில் துரு முதலில் பிடிக்கும் இடம் அதுதான். மென்கூரையில் விழும் மழைநீர் இறங்கி வெளியேறும் வழி அடைத்துக்கொண்டால், நீர் அங்கேதான் தேங்கும். தகரத்தின் ஓசை சீராக இருந்ததில் அவருக்குத் திருப்தி. பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல்லி அடியில் படுத்தார். காயில்ஓவரின் திருகு மரைகளில் துரு ஏறாமல் இருந்ததைப் பார்த்துத் தலையசைத்தார். வீல் அலைன்மென்ட் யார் செய்தது என்று கேட்டார். அச்சிட்ட தாளை எடுத்துக் கொடுத்தேன், நின்று நிதானமாகப் படித்தார். ரோல் பாரின் போல்ட்கள் அடிப்பாகத்தில் சரியான பின்தகடுகளோடு இறுக்கப்பட்டிருக்கின்றனவா என்று தடவிப் பார்த்தார். ஒன்றிலும் குறை சொல்லவில்லை. விற்றுவிட்டோம் என்றே அந்த நேரத்தில் நான் நினைத்தேன்.

பிறகு உள்ளே உட்கார்ந்தார். ஸ்டீயரிங் வீலை இரண்டு முறை திருப்பினார். "ஒரிஜினல் ஸ்டீயரிங் இருக்கிறதா?" என்றார். இல்லை என்றேன், ஏழு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நண்பருக்குச் சும்மா கொடுத்துவிட்டிருந்தேன். "சீட்கள்?" அவற்றையும் விற்றுவிட்டேன் என்றேன். "ஷாக் அப்சார்பர்?" அவை பரணில் இருந்தன. அவர் எதுவும் சொல்லாமல், ரேடியோவைச் சுற்றியிருக்கும் பலகத்தைக் கழற்றிப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்டார். நான் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்தேன். பலகம் முன்னால் சரிந்தது. டார்ச் வெளிச்சத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் அது தெரிந்தது: கம்பெனி ஒயரிங் கட்டிலிருந்து மூன்று ஒயர்கள் வெட்டப்பட்டு, அவற்றோடு புதிய ஒயர்கள் முறுக்கிச் சேர்க்கப்பட்டு, மேலே டேப் சுற்றியிருந்தது. டேப்பின் பசை வெயிலில் உருகிப் பிசுபிசுத்து, ஒரு முனை அவிழ்ந்து தொங்கியது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது.

"இது எந்த ஒயர், தம்பி?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அந்த இணைப்பை நானே செய்தேன் என்பது மட்டும் நன்றாக நினைவிருந்தது. ஆம்ப்ளிஃபயர் வந்த இரவு, மறுநாள் காலையில் நெடும்பயணம் இருந்தது. சரியான கனெக்டர் கையில் இல்லை. இப்போதைக்கு இருக்கட்டும், பிறகு சாலிடர் வைத்துக்கொள்ளலாம் என்று முறுக்கி டேப் சுற்றினேன். அந்தப் பிறகு வரவேயில்லை. இரண்டாவது இணைப்பு மீட்டருக்காகச் செய்தது. மூன்றாவது எதற்கு என்பது அன்றைக்கும் நினைவுக்கு வரவில்லை.

அவர் டார்ச்சை அணைத்தார். குரலில் கடுமை சிறிதும் இல்லை. "காயில்ஓவர் எனக்குப் பிடிக்கவில்லையென்றால் ஒரு நாளில் கழற்றிவிடுவேன். எக்ஸாஸ்டும் அப்படித்தான். இதை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று எனக்குத் தெரியாதே. இங்கே மூன்று இருக்கிறது என்றால் இன்னும் எங்கெங்கே இருக்கிறதோ." பலகத்தை அதன் இடத்தில் வைத்துத் திருகுகளை அவரே முடுக்கினார். விலை பேசவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் புறப்பட்டார்.

அன்றிரவு நெடுநேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் விலையைக் குறைத்துக் கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அந்தக் கோபத்தோடு விஷயமும் முடிந்திருக்கும். அவர் பேரமே பேசாமல் போனதுதான் என்னை யோசிக்க வைத்தது. ஆறு ஆண்டுகள் சேர்த்த ரசீதுக் கோப்பில் இருந்த எந்தப் பொருளும் அவரை விரட்டவில்லை. எந்தக் கோப்பிலும் எழுதப்படாத, பொருட்செலவே இல்லாத ஒரு வேலை விரட்டியது. ஒரு மாற்றத்தின் விலை, அதிலிருந்து பழைய நிலைக்குத் திரும்பி வர வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது என்று எனக்கு அந்த இரவில்தான் உறைத்தது. வழி திறந்திருந்தால், வாங்குபவர் அந்த மாற்றத்தை விரும்பாவிட்டாலும் பொறுத்துக்கொள்வார். வழி அடைபட்டிருந்தால், அவர் மாற்றத்தை விரும்பினாலும் பயப்படுவார்.

எடை குறைந்த காரில் இது ஏன் கூடுதலாக உறைக்கிறது

இந்தக் கணக்கு எந்தக் காருக்கும் பொருந்தும் என்று யாராவது சொல்லலாம். ஓரளவு பொருந்தும். ஆனால் இலகுரக ஸ்போர்ட்ஸ் காரை வாங்குபவர் பணம் கொடுப்பது வேறொன்றுக்கு. பெரிய எஞ்சின் கொண்ட கனமான காரை வாங்குபவர் பெரும்பாலும் ஓர் எண்ணை வாங்குகிறார். குதிரைத்திறனைக் கூட்டும் மாற்றம் அந்த எண்ணைக் கூட்டுகிறது, அதைத் திறன் அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றி அளந்து காட்டவும் முடிகிறது. முதல் எம்எக்ஸ்-5 ஜப்பானில் 1989இல் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் வெளிவந்தபோது அதன் திறன் 120 குதிரைத்திறன்தான். அந்த எண்ணுக்காக யாரும் அதை வாங்கவில்லை. அதன் தலைமைப் பொறியாளர் தோஷிஹிகோ ஹிராய் தம் குழுவுக்கு இலக்காக வைத்தது 'ஜின்பா இத்தாய்' என்ற சொல்லை. குதிரையும் அதன்மேல் இருப்பவரும் ஓருடலாவது என்பது அதன் பொருள். கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்குத் திறனைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலையும் நீண்ட அலுமினியச் சட்டமொன்றால் இணைத்தார்கள். ஆக்சிலரேட்டரில் கால் வைத்ததும் பின்சக்கரம் தயங்காமல் பதில் சொல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம். சுமார் 950 கிலோ எடையுள்ள அந்தக் காரில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், டயர், ஸ்டீயரிங் எல்லாம் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து ஒரு சமநிலையில் நிற்கின்றன. வாங்குபவர் தேடி வருவது அந்தச் சமநிலையைத்தான். நான் மாற்றியமைத்த காரில் அது இன்னும் இருக்கிறதா, கெட்டுவிட்டதா, மேம்பட்டிருக்கிறதா என்பதைப் பதினைந்து நிமிட ஓட்டத்தில் அவரால் உறுதியாகச் சொல்ல முடியாது. அளக்க முடியாததை நம்பித்தான் வாங்க வேண்டும். நம்பிக்கைக்கு ஆதாரமாக அவருக்கு எட்டுவது காரில் செய்யப்பட்ட வேலையின் தரம் ஒன்றே.

எடையின் கணக்கையும் பார்க்க வேண்டும். பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம் தயாரித்த இலகுரக ஸ்போர்ட்ஸ் காரான எலிஸின் முதல் பதிப்பு சுமார் 725 கிலோ. அதில் 20 கிலோ எடைக்கு ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் பெட்டியும் ஏற்றினால் மொத்த எடையில் ஏறக்குறைய 2.8 சதவீதம் கூடுகிறது. 1,800 கிலோ எடையுள்ள காரில் அதே பொருள்கள் 1.1 சதவீதம்தான். கனமான கார் மன்னிக்கும் தவறை இலகுவான கார் மன்னிக்காது. ஸ்பிரிங்கும் அப்படித்தான். எடை குறைந்த காருக்கு மிகக் கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால், மேடுபள்ளத்தில் சக்கரம் சாலையைத் தொடர்வதற்குப் பதிலாகக் கார் முழுவதும் துள்ளத் தொடங்குகிறது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் சஸ்பென்ஷன் மேலும் கீழும் அசைய உள்ள இடமே குறைவு. பார்வைக்கு அழகாக இருக்கிறதென்று அளவுக்கு மீறித் தாழ்த்தினால், சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது தடுத்து நிறுத்த வைத்திருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரின் மேலேயே கார் எந்நேரமும் உட்கார்ந்திருக்கும். 14 அங்குல வீலின் இடத்தில் கனமான 17 அங்குல வீலை மாட்டினால், ஸ்பிரிங்கால் தாங்கப்படாத எடை நான்கு மூலைகளிலும் கூடி, ஸ்டீயரிங்கின் நுண்ணுணர்வு மங்குகிறது. இவையெல்லாம் ஓட்டிப் பார்க்கும்போது "ஏதோ சரியில்லை" என்ற ஒரே உணர்வாக வாங்குபவரைச் சென்றடைகின்றன. எது சரியில்லை என்று அவரால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. முழுக் காரின் மதிப்பிலிருந்தே கழித்துவிடுகிறார்.

எலிஸின் உடற்கூட்டைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அதன் அலுமினிய அடிச்சட்டம் 68 கிலோதான். அச்சின் வழியே அழுத்தித் தள்ளி உருவாக்கிய அலுமினியத் துண்டுகளை எபாக்ஸி பசையால் ஒட்டி அதைச் செய்தார்கள். சாதாரண எஃகுச் சட்டத்தில் ஒருவர் தவறாகத் துளையிட்டுவிட்டால், இன்னொருவர் அதை வெல்டு வைத்து மூடிவிடலாம். பசையால் ஒட்டிய அலுமினியத்தில் வெல்டிங் செய்தால் அந்த வெப்பத்தில் பசையின் பிடிப்பே போய்விடும். ஆகவே எலிஸின் அடிச்சட்டத்தில் கம்பெனி வைக்காத ஒரு துளையைக் கண்டால், விவரம் தெரிந்தவர் அதற்கு மேல் விசாரிப்பதில்லை. என் டாஷ்போர்டுக்குள் இருந்தது வெறும் ஒயர்; மாற்றிவிடக்கூடியது. அந்தத் துளைக்கு மாற்று முழு அடிச்சட்டம்தான்.

மதிப்பைக் கூட்டும் மாற்றங்களும் உண்டு

இதுவரை படித்தவர்கள், காரை ஒரு கைகூடத் தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்வதாக நினைத்துவிடக் கூடாது. அப்படி வைத்திருந்தால் சில கார்கள் விற்கும்வரை உயிரோடே இரா. தொடக்ககால எலிஸில் இருந்த ரோவர் கே-சீரிஸ் எஞ்சினில், மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டின் தொல்லை ஊரறிந்தது. பல அடுக்கு எஃகு கேஸ்கெட் போட்டு, அதற்கான ரசீதையும் வைத்திருக்கும் காரைத்தான் விவரமறிந்தவர் முதலில் பார்க்கப் போகிறார்; "இன்னும் ஒரிஜினல் கேஸ்கெட்தான், திறக்கவேயில்லை" என்று பெருமையாகச் சொல்பவரின் காரை அவர் தயக்கத்தோடுதான் அணுகுகிறார். அதே காரில் பின்சக்கரத்தின் திசையைப் பிடித்துவைக்கும் டோ லிங்க் உடைந்தால் கார் கட்டுப்பாட்டை இழக்கும். அதைப் பலப்படுத்தியிருப்பது விலையைக் குறைப்பதே இல்லை. 1999இல் வந்த டொயோட்டாவின் மூன்றாம் தலைமுறை எம்ஆர்2வில் எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுவரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள்ளேயே, புகையைச் சுத்தப்படுத்த இருக்கும் சிறிய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சிதைந்து, அதன் துகள்கள் எஞ்சினுக்குள் போய்விடும் அபாயம் உண்டு. மேனிஃபோல்டையே மாற்றியவரின் காரை வாங்குபவர் அந்தக் கவலையின்றி வாங்குகிறார். ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல்: புகைப் பரிசோதனை கடுமையாக உள்ள இடங்களில், அந்தக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்ட கார் பரிசோதனையில் தேறாமல் போகலாம். ஓரிடத்தில் மதிப்பைக் கூட்டும் மாற்றம் இன்னோரிடத்தில் விற்பனையையே நிறுத்திவிடும். ஹோண்டா எஸ்2000இன் முதல் பதிப்பில் எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்றுகள் வரை போகும்; கியரைத் தவறாகக் குறைத்து அதையும் தாண்டவிட்டால், வால்வு ஸ்பிரிங்குகளைப் பிடித்துவைக்கும் ரிட்டெய்னர்கள் விரிசல் விடக்கூடும். பிந்தைய பதிப்பின் ரிட்டெய்னர்களை முன்னெச்சரிக்கையாகப் போட்டுவைத்தவர்கள் உண்டு. வெளியில் கண்ணுக்கே தெரியாத அந்த வேலைக்கு, தெரிந்தவர்கள் மத்தியில் நல்ல மரியாதை இருக்கிறது.

இந்த மாற்றங்கள் எல்லாம் அந்தக் காரை உருவாக்கியவர்களின் நோக்கத்துக்கு எதிராகப் போகவில்லை. அவர்கள் விட்ட ஒரு குறையை அதே நோக்கத்துக்காக நிரப்புகின்றன. காரின் இயல்பையே வேறாக்கும் மாற்றங்கள் இன்னொரு வகை. எலிஸில் ரோவர் எஞ்சினை எடுத்துவிட்டு ஹோண்டா கே20 எஞ்சினைப் பொருத்துகிறார்கள். எம்எக்ஸ்-5இல் திறனைக் கூட்ட டர்போ ஏற்றுகிறார்கள், சிலர் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினையே இறக்குகிறார்கள். நன்றாகச் செய்யப்பட்ட அந்த வேலைகளின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அவற்றுக்குச் செலவான பணம் விற்பனையில் அப்படியே திரும்பிக் கிடைத்ததை நான் பார்த்ததில்லை. காரணம், வாங்கக்கூடியவர்களின் எண்ணிக்கை சுருங்கிவிடுகிறது. எஞ்சியிருக்கும் அந்தச் சிலரும் இந்த வேலையைத் தாங்களே செய்யத் தெரிந்தவர்களாகவோ, தங்களுக்குப் பிடித்த மெக்கானிக்கிடம் செய்துகொள்ள விரும்புகிறவர்களாகவோ இருக்கிறார்கள். கார் யாருடைய கையில் தயாரானது, எஞ்சின் கம்ப்யூட்டரை யார் ட்யூன் செய்தது, அந்த ட்யூன் கோப்பின் நகல் இருக்கிறதா என்பவைதான் அவர்களுடைய கேள்விகள். பதில் இல்லாத டர்போ காரை அவர்கள் உதிரிப் பாகங்களின் விலைக்கே மதிப்பிடுகிறார்கள்.

இதே டர்போவைத் தொழிற்சாலையே பொருத்தினால் கதை மாறிவிடுகிறது. மஸ்டா 2004, 2005 ஆண்டுகளில் மஸ்டாஸ்பீட் என்ற பெயரில் டர்போ எம்எக்ஸ்-5ஐ விற்றது. அதைத் தேடி வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதற்கும் முன்பு, 1991இல் மஸ்டாவின் துணை நிறுவனமான எம்2, ரோல் பார் வைத்து, எஞ்சினை 130 குதிரைத்திறனுக்கு உயர்த்தி, 1001 என்ற பதிப்பை 300 எண்ணிக்கையில் மட்டும் வெளியிட்டது. காகிதத்தில் பார்த்தால், அதில் செய்த பல வேலைகளை ஒரு நல்ல பட்டறையில் யாரும் செய்துகொள்ளலாம். ஆனால் அந்த 300 கார்களில் எதன் டாஷ்போர்டைத் திறந்தாலும் உள்ளே என்ன இருக்கும் என்பது வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரியும். அவர் அதற்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார். அமெரிக்காவில் மியாட்டா என்று அழைக்கப்படும் எம்எக்ஸ்-5 கார்களுக்கான ஸ்பெக் மியாட்டா பந்தயப் பிரிவிலும் இதைப் பார்க்கிறேன். அங்கே எல்லாக் கார்களும் மாற்றப்பட்டவைதான். ஆனால் என்ன சஸ்பென்ஷன், ஓட்டுநரைக் காக்க என்ன கூண்டு என்பதை விதிப்புத்தகம் வரையறுத்துவிடுகிறது. அந்த உலகத்தில் விதிப்புத்தகம்தான் ஒரிஜினல். அதிலிருந்து விலகிய கார்தான் மதிப்பிழக்கிறது.

காலம் செல்லச் செல்ல இந்த இடைவெளி அதிகமாகிறது. என் கார் இருபது வயதைக் கடந்திருந்தபோதும் அதன் ஒரிஜினல் ஸ்டீயரிங் வீலுக்கு யாரும் எதுவும் கொடுத்திருக்க மாட்டார்கள். நானும் ஒரு நண்பருக்குச் சும்மா கொடுத்தேன். முப்பது வயதானபோது அதே மாதிரி வீல் யாரிடம் கிடைக்கும் என்று தேடி அலைந்தேன். கம்பெனி தந்த கழற்றக்கூடிய கெட்டிக் கூரையும் அப்படியே. ஒரு காலத்தில் இடத்தை அடைக்கிறதென்று கொடுத்துவிட்டவர்கள் இன்று அதற்காக வருந்துகிறார்கள். மஸ்டாவே 2017இல் ஜப்பானில் முதல் தலைமுறைக் கார்களைப் பழைய நிலைக்கு மீட்டுத் தரும் சேவையை அறிவித்தபோது, மென்கூரையையும் மரத்தாலான நார்டி ஸ்டீயரிங் வீலையும் மீண்டும் தயாரித்தது. அந்நாளைய டயரைக்கூட பிரிட்ஜ்ஸ்டோன் மறுபடியும் வார்த்துக் கொடுத்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு என் நண்பரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவர் அந்த வீலை எப்போதோ தொலைத்துவிட்டிருந்தார்.

பதினொரு மாலைகள்

விளம்பரத்தை எடுத்துவிட்டேன். அடுத்த சில வாரங்களில் டாஷ்போர்டு முழுவதையும் கழற்றினேன். உடைப்புக்குப் போன ஒரு காரிலிருந்து முழு ஒயரிங் கட்டை வாங்கி, ஒவ்வொரு கனெக்டராக எண்ணிட்டுப் புகைப்படம் எடுத்து மாற்றினேன். பதினொரு மாலைகள் பிடித்தன. வெட்டுப்பட்ட ஒயர்கள் மூன்று அல்ல, ஐந்து என்பது நான்காம் நாள் தெரிந்தது. அவற்றில் இரண்டு எனக்கு முன்பு வைத்திருந்தவரின் வேலை, பழைய அலாரம் ஒன்றைப் பிடுங்கியபோது விட்டுப்போனவை. வந்தவர் சொன்ன "இன்னும் எங்கெங்கே" என்பது உண்மையாகிவிட்டது. ஐந்தாவது இணைப்பு பின்விளக்குகளுக்குப் போகும் ஒயரில் இருந்தது. மழை நாள்களில் பிரேக் விளக்கு சில நேரம் எரியாமல் போனதற்குக் காரணம் தேடி நான் மூன்று ஆண்டுகள் பல்புகளை மாற்றிக்கொண்டிருந்தேன். சாலையில் எனக்குப் பின்னால் வண்டியோட்டி வந்தவர்களின் உயிர் அப்படியொரு டேப் சுற்றலில் தொங்கியதை எண்ணும்போது இப்போதும் வயிறு கலங்குகிறது.

பக்கெட் சீட்களையும் வீல்களையும் காயில்ஓவரையும் தனித்தனியாக விற்றேன். அவற்றுக்கு வாங்கிய விலையில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகவே கிடைத்தது. காரோடு சேர்த்து வைத்தபோது ஒரு துளியும் மதிப்புக் கூட்டாதவை, தனியே எடுத்து வைத்ததும் தங்களுக்குரிய வாங்குபவர்களைத் தேடிக்கொண்டன. பரணிலிருந்த ஷாக் அப்சார்பர்களைப் புதிய ரப்பர் புஷ்களோடு மாட்டினேன். ஒரிஜினல் சீட்கள் கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று. ஸ்டீயரிங் வீல் அதற்கும் பின்னால் வந்தது. ரோல் பாரை மட்டும் எடுக்க எனக்கு மனம் வரவில்லை; அது அழகுக்காகப் போட்டதல்ல.

டாஷ்போர்டுக்குள் டார்ச் அடித்துக் காட்டிய அந்தப் பெரியவரை அழைத்துச் சொன்னேன். அவர் அதற்குள் வேறொரு காரை வாங்கிவிட்டார். இருந்தாலும் புகைப்படங்களை அனுப்பச் சொல்லிப் பார்த்தார், ஒரு கனெக்டரின் பூட்டு சரியாக விழவில்லை என்று படத்தை வைத்தே கண்டுபிடித்துச் சொன்னார். அவர் சொன்னது சரி. கடைசியில் காரை வாங்கியவர் ஒரு பெண்மணி. வார இறுதிகளில் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பழகுபவர். காயில்ஓவரை விற்றுவிட்டேன் என்றதும் அவருக்கு உண்மையிலேயே ஏமாற்றம். அது காரோடு இருந்திருந்தால் தாம் அதற்குத் தனியாகவே பணம் கொடுத்திருப்பேன் என்றார். ஆகவே எல்லாவற்றையும் கழற்றியதுதான் சரி என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. காயில்ஓவரையும் ஷாக் அப்சார்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தால் இருவருக்குமே நல்லதாக இருந்திருக்கும். ரோல் பாருக்கு மட்டும், அதைப் பொருத்தியவர் கொடுத்த தாளைப் படித்துவிட்டு, நான் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார்.

புகைப்படக் கோப்பை அவரிடம் கொடுத்தேன். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. இருக்கையில் அமர்ந்து, என்னிடம் ஸ்குரூ டிரைவர் கேட்டு வாங்கி, ரேடியோவைச் சுற்றியிருந்த பலகத்தைத் திறந்து டார்ச் அடித்தார். படத்தையும் ஒயரிங் கட்டையும் மாறி மாறிப் பார்த்து, கனெக்டர்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். நான் வெளியே நின்றிருந்தேன். கடைசித் திருகை முடுக்கிவிட்டு, சாவியைப் போட்டு எஞ்சினைக் கிளப்பினார். பிறகு என்னைப் பின்பக்கம் போய் நிற்கச் சொல்லி, பிரேக்கை மிதித்து, விளக்கு எரிகிறதா என்று கேட்டார்.